ஆச்சி ஏறி வந்த மேடை

2015 அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு ‘ஆச்சி’ மனோரமா காலமானார். வயது 78. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் சாதனை, பத்மஸ்ரீ என்று செய்திகள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. ரசிகர்களின் நினைவில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. புதுச்சேரியில் ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது ஆச்சி பேச்சை எடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ‘சின்னக் கவுண்டர்’ படத்தின் எடுப்புப் பல் ஆத்தா. இன்னொருவருக்கு ‘நடிகன்’ படத்தில் கிழவர் வேடத்திலிருக்கும் சத்யராஜ் மீது ஆசை வைத்து வெட்கப்படும் பேபியம்மா. சுற்றி வளைத்துப் பேச்சு கடைசியில் ஜில்ஜில் ரமாமணியிடம் வந்து நின்றுவிடும்.

ஜில்ஜில் ரமாமணி வரும் ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்த படம். எதிரே சிவாஜி, பக்கத்தில் பத்மினி. அப்படியும் ஆச்சி வாயைத் திறந்ததும் காட்சி அவர் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, ராகம் போட்டு, கொஞ்சிப் பேசுவார். சிரித்துக்கொண்டே பார்ப்போம். நாயனத்துக்கு அவர் உருகும்போது நமக்கும் தொண்டை அடைக்கும். ஊர் ஊராக ஆடிப் பிழைக்கும் நாடகக்காரியின் பெருமையும் ஏக்கமும் அந்த இழுவைக்குள்ளேயே இருக்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது வெறும் நகைச்சுவை வேடமாகத் தோன்றியதில்லை.

அந்த வேடத்தின் வேர் புதுச்சேரி மண்ணில் இருக்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், 1922-ல் இங்கேதான் மறைந்தார், சமாதி கருவடிக்குப்பத்தில். அவருடைய மாணவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்கள் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர் ஏ.பி.நாகராஜன். ‘தில்லானா மோகனாம்பா’ளை இயக்கியவர் அவரே. நாடகக் கொட்டகையின் வியர்வை தெரிந்த இயக்குநர், அதே வியர்வையில் வளர்ந்த நடிகையிடம் நாடகக்காரி வேடத்தைக் கொடுத்தார்!

மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, காரைக்குடி அருகே பள்ளத்தூரில் வளர்ந்தார். தகப்பன் கைவிட்ட குடும்பம். தாயார் வீட்டு வேலை செய்து காப்பாற்றினார். படிப்பு பாதியில் நின்றது. நாடகம் சோறு போட்டது, மனோரமா என்ற பெயரும் கொடுத்தது. எஸ்.எஸ்.ராஜேந்திரன் குழுவில், கருணாநிதி எழுதிய ‘மணிமகுடம்’ உட்படப் பல நாடகங்களில் நடித்தார். அண்ணாவோடும் மேடை ஏறியிருக்கிறார். 1958-ல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. ‘அனுபவி ராஜா அனுபவி’யில் தூத்துக்குடித் தமிழ், ‘பொம்மலாட்ட’த்தில் மெட்ராஸ் பாஷை என்று எந்த வட்டார வழக்கையும் அந்த ஊர்க்காரர் மெச்சப் பேசிய நாக்கு, மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய நாக்கு. தேசிய விருது ‘புதிய பாதை’க்குத்தான் கிடைத்தது. எவ்வளவோ முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்பது ரசிகர்களின் ஆதங்கம். எனக்கும் அதே ஆதங்கம்தான்.

திரையில் வந்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் ஏதோ ஒரு சேனலில் ஆச்சி இருப்பார். மேடையில் நடித்ததுதான் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தவர்களின் ஞாபகத்தைத் தவிர அதற்கு வேறு பதிவு இல்லை. பதினைந்து வயதில் ஆச்சியின் நாடகம் பார்த்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. புதுச்சேரி அரசு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சினிமாவுக்கு விருது கொடுக்கிறது, நல்லது. அந்தப் பெயருக்கு இன்னொரு வேலையும் பொருந்தும். கருவடிக்குப்பத்தில் சுவாமிகளை வணங்க நாடகக் கலைஞர்கள் கூடும்போது, ஆச்சியின் நாடகங்களைப் பார்த்த பெரியவர்களையும் அழைத்து உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். எந்த ஊர், எந்தக் கொட்டகை, ஆச்சி என்ன சேலை கட்டி வந்தார், எந்த வசனத்துக்குக் கைதட்டல் அடங்கவில்லை என்று கேட்டுக் கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பேரன் பேத்திகளின் கைபேசியே போதும்.