பட்டியலுள் முதல் தகுதிப்பதிவு தேர்தல்

ஒரு நூலின் முதற்பதிப்பு ஆண்டினைத் தலைப்புப் பக்கம், முன்னுரை, நூலகப் பதிவேடு, பிற்காலத் தொகுப்புப் பட்டியல் என நான்கு மூலங்கள் தருதல் கூடும். இவற்றைக் கணினியில் ஒருங்கு திரட்டுவோர், நம்பத்தகும் முறையே நிரல்படுத்தி, அவற்றுள் முதற்கண் வரும் தகுதியுடைய பதிவினைக் கொள்வர். இவ்விதியுள் 'முதல்' என்பது எளிதின் விளங்கும். 'தகுதி' என்பதனை வரையறுக்காதொழியின் விதி முழுதும் பிழைபடும். அதனை ஈண்டு விளக்குவாம்.

கணினி மொழிகள் தகுதியினை ஒரு படித்தாகக் கொள்வன அல்ல. எஸ்.க்யூ.எல். மொழியின் 1992ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்ற 'கோயலெஸ்' என்பது, 'நல்' என்னும் இன்மைக்குறி அல்லாத முதல் மதிப்பினைத் தரும். 'தெரியவில்லை' என்று எழுதப்பட்டிருப்பினும், அத்தரத்தின்படி வெற்றுச்சரமே இருப்பினும், அதனையும் அது மதிப்பென்றே கொள்ளும். பைத்தான் மொழியின் 'ஆர்' என்னும் சொல்லோ வெற்றுச்சரத்தோடு சுழியத்தினையும் தள்ளிவிடும். நூலிலுள்ள படங்களின் தொகை 0 என்பது எண்ணிப் பார்த்து இல்லையெனக் கண்டது, வெற்றிடம் எண்ணப்படாதது. இவை இரண்டும் வேறு வேறாம். முன்னதனைத் தள்ளுவது கண்டறிந்த செய்தியொன்றனை இழப்பதேயாகும்.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. தலைப்புப் பக்கம் 'நந்தன' என ஆண்டுப் பெயர் மட்டும் தருவதாகக் கொள்வோம். நான்கு இலக்கமுடையதே ஆண்டு என வடிகட்டி வகுக்கப்பட்டிருப்பின், தலைசிறந்த சான்று தள்ளுண்டு, மறுபதிப்பின் ஆண்டினைக் குறித்த பதிவேடு முன்வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தவறான ஆண்டே அடுத்தடுத்த படிகளுக்குச் செல்லும். அதன்மேல் எழுப்பப்படும் பதிப்பு வரலாறும் வழுவுடையதாகும்.

ஆகலின், வடிகட்டுதற்கு முன்னரே பதிவுகளை ஒரு வடிவிற்கு மாற்றுதல் வேண்டும். அறுபதாண்டுச் சுழற்சியில் 'நந்தன' என்பது 1892-93, 1952-53, 2012-13 ஆகியவற்றைக் குறிக்குமாதலின், அச்சகமும் பதிப்பாசிரியர் காலமும் நோக்கி ஒன்றனைத் துணிதல் முறை. அதன்பின்னரே தகுதி நோக்குதலும் முதலதனைத் தெரிதலும் நிகழ்தல் வேண்டும்.

பைத்தானில் 'நெக்ஸ்ட்' என்பதனை நிபந்தனையோடு ஆளுங்கால், தகுதியான முதற்பதிவு கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடும். அது விரைவுக்கு ஏற்றது. ஆயினும், பின்னுள்ள மூலங்கள் மாறுபடுதலை அது காட்டாது. எதுவும் தேறாவிடத்துத் தருதற்குரிய மதிப்பினை முன்னரே குறியாவிடின், செயல் பிழையுற்று நிற்கும்.

எனவே, தேர்ந்த மதிப்போடு அது வந்த மூலத்தினையும், தள்ளியவற்றையும், தள்ளிய காரணத்தினையும் உடன் பதிதல் இன்றியமையாதது. பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியர் கொள்ளாத பாடத்தினை அடிக்குறிப்பிற் காத்தல் போல்வது இது. தேர்வு பிழைபடினும், பின்வரும் ஆய்வாளர் அதனைத் திருத்துதற்கு வழி அப்பொழுதே உளதாகும்.