இரு உந்துருளிகள்

நெடும்பயணத்துக்கு உகந்த உந்துருளி நாளாந்த ஓட்டத்துக்கும் உகந்ததாகுமா? 1958இல் யப்பானில் வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப், ஐம்பது கனசென்ரிமீற்றருக்கும் உட்பட்ட சிறு இயந்திரமுடையது. கிளச்சுப் பிடி இல்லாமையால் இடக்கை ஓய்ந்திருக்கும். நடுப்பாகம் தாழ்ந்திருத்தலின் வேட்டி கட்டியவரும் காலை உயரத் தூக்காது ஏறலாம். சந்தைக்கும் பள்ளிக்கும் இதனை விஞ்சியதொன்றை யான் அறியேன். ஆயின், பின்னே ஒருவரும் மூட்டையுமாக மலைவழி ஏறினால் இளைத்துவிடும்.

1955இல் சென்னையிற் பொருத்தத் தொடங்கிய றோயல் என்பீல்ட் புல்லட்டின் இயல்போ வேறு. அதன் 346 கனசென்ரிமீற்றர் இயந்திரம், உள்ளே சுழலும் கனத்த சில்லின் வலுவால், மெல்லச் செல்லும்போதும் தளராது இழுக்கும். நாள் முழுதும் ஒரே சுருதியில் ஓடும். அவ்வின்பத்துக்கு விலை அதன் பாரமே. ஒழுங்கை மணலில் அதனைத் திருப்புதற்கு, ஐம்பதைக் கடந்த யான் அயலவரைத் துணைக்கு அழைத்ததுமுண்டு. எனினும், மாலையில் தெருமுனையில் அதன் ஓசை எழுந்தால், கையிலுள்ள ஏடு தானாகவே மூடிக்கொள்கின்றது.