சுகர், மறதி, வல்லாரை: எதை முதல்ல பார்க்கணும்?

சுகர் வந்து பத்து வருஷம் ஆனவருக்கு மறதி கூடிட்டுன்னா, நாஞ்சில் நாட்டுப் பக்கம் முதல்ல சொல்ற வைத்தியம் வல்லாரைதான். துவையல் அரைச்சுச் சாப்பிடுங்க, இல்லேன்னா பிரம்மி மாத்திரை போடுங்க என்பார்கள். இதில் எவ்வளவு நிஜம் என்று தேடி வாசித்ததை இங்கே குறிச்சு வைக்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். வல்லாரை என்பது சென்டெல்லா ஏசியாட்டிகா. நீர்ப்பிரம்மி என்பது பக்கோப்பா மொன்னியேரி. இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். வட இந்தியாவில் இரண்டையுமே பிரம்மி என்பார்கள். கேரளத்தில் பிரம்மின்னா நீர்ப்பிரம்மிதான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம்ம மாவட்டத்தில் சித்தமும் ஆயுர்வேதமும் சேர்ந்தே புழங்குது. ஒரே வேரியபிளுக்கு இரண்டு வேல்யூ இருந்தா புரோகிராம் என்ன ஆகும்? அதனால பாட்டிலில் தாவரவியல் பெயரைப் பார்த்து வாங்குங்க.

சரி, வேலை செய்யுதா? அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 54 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை 2008-இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு நீர்ப்பிரம்மிச் சாறு தினம் 300 மில்லிகிராம், மறுபாதிக்குப் போலி மாத்திரை, 12 வாரம். வார்த்தைகளை நினைவுபடுத்துவதில் சாறு எடுத்தவர்கள் கொஞ்சம் முன்னேறினார்கள். சிலருக்கு வயிற்றுக் கோளாறும் வந்தது. ஆனா இவர்கள் மறதி நோய் இல்லாதவர்கள், ஆட்களும் குறைவு. அதே வருஷம் வெளிவந்த ஜின்கோ மூலிகை ஆய்வில் 3,069 முதியவர்கள். பல வருஷம் கொடுத்தும் மறதி நோய் குறையவில்லை. சின்ன சோதனையில் தெரிகிற நம்பிக்கை பெரிய சோதனையில் நிக்கணும்னு கட்டாயமில்லை.

இன்னொரு கேள்வி முக்கியம்: சுகர்காரருக்கு மறதி எதனால் வருது? அதிக சுகர் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் சிலருக்கு பி12 குறையும், அதுவும் மறதி தரும். மூணாவது, சுகர் ரொம்ப இறங்கிப்போவது. கலிஃபோர்னியாவில் 16,667 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சுகர் இறங்கி ஆஸ்பத்திரி வரை போனவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வருவது அதிகமாக இருந்தது.

ஆபத்து இங்கேதான். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துக்கொண்டே, டாக்டரிடம் சொல்லாமல் சிறுகுறிஞ்சான் பொடி, பாகற்காய்ச் சாறுன்னு சேர்த்தால் சுகர் தடாலென்று இறங்கலாம். வயசானவர் தடுமாறுவார், பேச்சு குழறும். வீட்டில் "மறதி முத்திட்டு" என்று நினைத்து இன்னும் மூலிகை கொடுப்பார்கள். அந்த நேரம் வேண்டியது சர்க்கரைத் தண்ணி. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி.

ஆகவே வரிசை இதுதான்: சுகர் கூடுதா, இறங்குதா என்று பாருங்க. பி12, தைராய்டு, ரத்த அழுத்தம் பாருங்க. சித்தா, ஆயுர்வேத டாக்டரிடம் போனாலும் ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்க. வல்லாரைத் துவையல் நல்ல கீரை, ருசியாகச் சாப்பிடலாம். அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.