பெத்லகேமின் இரவு – 4: முன்னணை என்னும் அடையாளம்

கடவுள் மனித உடலை ஏற்றார் என்னும் மனுவுருவாதல் கோட்பாடே கிறிஸ்து பிறப்பு விழாவின் அடித்தளம் என்பதும், யோவான் நற்செய்தியின் முன்னுரை அதற்கு எவ்வாறு சொல்வடிவம் தந்தது என்பதும் சென்ற இதழோடு முடிந்தன. அவற்றை மீண்டும் விரிக்க இங்கு இடமில்லை. முறைப்படி இந்த வாரம் டிசம்பர் 25 என்ற தேதியின் வரலாறு வரவேண்டும். ஆனால் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலுள்ள ஒரு சிறிய சொல் வழிமறித்து நிற்பதால், தேதி சற்றுக் காத்திருக்க வேண்டியதாகிறது.

அச்சொல் ‘முன்னணை’. மாட்டுக்கும் கழுதைக்கும் தீனி வைக்கும் தொட்டியைக் குறிக்கும் இச்சொல் இன்று தமிழில் திருமறைக்கும் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கும் வெளியே அரிதாகவே காதில் விழுகிறது. கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பு இதைத் ‘தீவனத் தொட்டி’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் இதற்குரிய சொல் ‘ஃபாத்னே’. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது நான்கே இடங்களில், அதுவும் லூக்காவில் மட்டுமே வருகிறது. அவற்றுள் மூன்று, பிறப்பு நிகழ்ச்சியின் பத்து வசனங்களுக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சொற்சிக்கனம் அறிந்த ஓர் எழுத்தாளர் தீனித் தொட்டியை மூன்று முறை சொல்கிறார் என்றால், அதைக் காட்சியின் ஓரத்துப் பொருளாக ஒதுக்க முடியாது.

நான்காவது இடம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. பதினெட்டு ஆண்டுகளாகக் கூனியிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் குணமாக்க, தொழுகைக் கூடத் தலைவர் சினம் கொள்கிறார். ஓய்வுநாளிலும் எருதையோ கழுதையையோ அவிழ்த்துச் சென்று தண்ணீர் காட்டாதவர் உண்டா என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். அந்த விலங்குகள் அவிழ்க்கப்படும் இடம் மூலத்தில் அதே ஃபாத்னேதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இங்கே ‘தொழுவம்’ என்று எழுதியதால், குழந்தையாகக் கிடந்த தொட்டியின் பெயரையே முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் வாயால் சொல்கிறார் என்பது தமிழ் வாசகர் கண்ணில் படாமல் போயிற்று. கட்டுண்டதை அவிழ்த்துத் தண்ணீருக்கு அழைத்துச் செல்லும் இடமாக அவர் அதைச் சொல்கிறார் என்பது, எத்தனை முறை படித்தாலும் வியப்பூட்டும் பொருத்தமாகும்.

இதே மொழிபெயர்ப்பு ‘சத்திரம்’ என்ற சொல்லாலும் ஒரு குழப்பத்தை விளைவித்தது. நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கொண்டு சேர்த்த இடத்தை லூக்கா ‘பாண்டொகெயோன்’, அதாவது எல்லாரையும் ஏற்கும் விடுதி, என்கிறார். அங்கே கூலி பெறும் விடுதிக்காரரும் இருக்கிறார். மரியாளுக்கும் யோசேப்புக்கும் இடமில்லாமற்போன இடமோ ‘கத்தாலூமா’. இயேசு தம் சீடரோடு இறுதி இரா உணவு உண்ண ஓர் அறையைக் கேட்கும்போதும் லூக்கா இச்சொல்லையே ஆள்வதால், இங்கும் விருந்தினர் அறை என்று கொள்வதே பொருந்தும். மேற்காசியாவில் பல்லாண்டு வாழ்ந்து கற்பித்த கென்னத் பெய்லி என்ற அறிஞர் இதிலிருந்து ஒரு படத்தைத் தீட்டினார்: பாலஸ்தீனச் சிற்றூர் வீட்டில் மனிதர் சற்று உயர்ந்த தளத்திலும் விலங்குகள் தாழ்ந்த பகுதியிலும் ஒரே கூரையின்கீழ் இரவைக் கழித்தனர், தீனித் தொட்டி இரண்டுக்கும் நடுவில் இருந்தது, விருந்தினர் அறை நிரம்பிவிட்டதால் குழந்தை வீட்டாரின் நடுவிலேயே பிறந்தது. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் குறிப்பிடும், இயேசு குகையில் பிறந்தார் என்ற மரபும் இதற்குப் பெரிய தடையன்று, ஏனெனில் குகையை ஒட்டி வீடு கட்டுவது அம்மலைப்பகுதியில் வழக்கமே. விளக்கோடு வாசலில் நின்று விரட்டும் விடுதிக்காரர் நற்செய்தியில் எங்கும் இல்லை. ஆண்டுதோறும் ஞாயிறு பள்ளி நாடகத்தில் அந்த வேடம் கட்டும் சிறுவனுக்கு மட்டுமே இது வருத்தமான செய்தி.

இந்தப் படம் சரியானால் விழாவின் பொருளும் சற்றே இடம் மாறுகிறது. கடவுளின் மகன் ஊரால் துரத்தப்பட்டவராக மட்டுமன்றி, நெருக்கடி மிகுந்த ஓர் ஏழை வீட்டில் இன்னும் ஒருவராக வந்து சேர்ந்தார் என்றாகிறது. வானதூதர் இடையருக்குத் தரும் அடையாளமும் இங்கே கருதத்தக்கது. இடையருக்குச் சொல்லப்பட்ட அடையாளம் விண்மீனோ ஒளிவட்டமோ அன்று, துணியில் சுற்றித் தீனித் தொட்டியில் கிடத்திய குழந்தையே. விண்மீன் மத்தேயு நற்செய்தியின் உடைமை. பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். உணவு வைக்கும் தொட்டியில் கிடந்தவர் பின்னர் தம்மையே உணவாகத் தந்தார் என்று, நற்கருணை என்னும் அப்பப் பகிர்வோடு முன்னணையை இணைத்தே திருச்சபையின் பழைய போதகர் பலர் பேசினர்.

குடிலில் நிற்கும் எருதும் கழுதையும் லூக்காவின் பிறப்புக் காட்சியில் இல்லை. அவை ஏசாயா முதல் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்திலிருந்து வந்தவை. மாடும் கழுதையும் தம் உடையவரையும் அவர் முன்னணையையும் அறிந்திருக்க, மக்களோ அறியவில்லை என்னும் கடிந்துரை அது. குடிலைக் கண்டு மகிழ்வோர் பலர் தம்மைக் கடிந்துகொள்ளும் ஒரு வசனத்தையே மண்பொம்மைகளாக வாங்கி வைக்கின்றனர் என்பதை உணர்வதில்லை.

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோ என்னும் மலையூரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த காட்சியும் இவ்வாறே எளிமையானது: வைக்கோல் இட்ட முன்னணை, உயிருள்ள எருது, கழுதை, அங்கேயே திருப்பலி. திருத்தொண்டராக நற்செய்தியைப் பாடிய அவர், பெத்லகேம் என்ற பெயரை ஆடு கத்துவதுபோல இழுத்து உச்சரித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா பதிவு செய்கிறார். கிறிஸ்து பிறப்பு நாளில் பறவைகளுக்காகத் தெருவில் தானியம் தூவவும், மாடு கழுதைகளுக்கு வயிறாரத் தீனி வைக்கவும் பேரரசர் ஆணையிட வேண்டும் என்பதும் பிரான்சிஸின் ஆசையாக இருந்தது.

அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 386 முதல் பெத்லகேமில் வாழ்ந்து திருமறையை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், மண் தொட்டியை அகற்றிவிட்டு மக்கள் பக்தியால் வெள்ளித் தொட்டி வைத்ததைக் கண்டு, அகற்றப்பட்டதே தமக்கு விலையுயர்ந்தது என்று மறையுரையில் வருந்தினார். இந்த விழாவைப் பற்றிய விமரிசனங்களுள் அதைவிடக் கூர்மையானது பிற்காலத்தில் எழவில்லை.

தேதியின் வரலாறு அடுத்த வாரம், 354ஆம் ஆண்டில் உரோமையில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியிலிருந்து தொடங்கும்.