மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?

தொட்டிலில் குழந்தை அழுகிறது. உடனே டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்களா? இல்லையே! பசியா, எறும்பு கடித்ததா, வயிற்று வலியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். பால் குடித்து எத்தனை நேரமாயிற்று என்று கணக்குப் போடுகிறீர்கள். துணியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். நெற்றியில் கை வைக்கிறீர்கள். அழுகை ஒரு சேதிதான், அது வியாதியின் பெயர் அல்ல என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மோட்டார் காரும் அழும், சகோதரிகளே! பாவம், அதற்குக் குரல் இல்லை. அதனால் ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒரு சின்ன மஞ்சள் விளக்கை ஏற்றிக் காட்டுகிறது. அமெரிக்காவில் இதற்கு ‘செக் எஞ்சின்’ விளக்கு என்று பெயர். இதைக் கண்டதும் சிலர் நடுநடுங்கி, மெக்கானிக் கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் கண்டும் காணாததுபோல் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இரண்டுமே பணத்துக்குக் கேடு. விளக்கின் பாஷை கொஞ்சம் தெரிந்தால் இரண்டிலிருந்தும் தப்பலாம்.

பாடம் படிக்க ஒரு கார் வேண்டுமல்லவா? ‘மாஸ்டா மியாட்டா’வை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியக் கம்பெனி தயாரித்த இந்தக் குட்டி ஸ்போர்ட்ஸ் கார், 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகத் தலைகாட்டியது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணிக் கூரை. வேண்டாமென்றால் பின்னால் மடித்துவிடலாம். 1997 வரை வந்த வண்டிகளில் முன் விளக்குகள் பகலில் மூடிக் கிடக்கும். பொத்தானை அழுத்தினால் தவளைக் கண் போல எழுந்து நிற்கும். விலையும் அதிகமில்லாததால் ஜனங்களுக்கு இதன் மேல் ஒரே மோகம். 2016-ல் பத்து லட்சமாவது மியாட்டா வெளிவந்தது. பழைய மியாட்டாக்கள் அமெரிக்காவில் இன்றும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. நாம் பார்க்கப் போவது 1996-ஆம் வருஷத்து வண்டி.

ஏன் 1996? அந்த வருஷத்து மாடலிலிருந்துதான் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான நோய் அறியும் ஏற்பாடு கட்டாயமாயிற்று.

புகையில் பிறந்த விளக்கு

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மக்கள் 1940-களிலிருந்தே கண்ணைக் கரிக்கும் புகைமூட்டத்தில் அவதிப்பட்டார்கள். கார்கள் கக்கும் வாயுக்கள் சூரிய வெளிச்சத்தில் மாறுதல் அடைவதால்தான் அந்த மூட்டம் உண்டாகிறது என்று, 1950-களின் தொடக்கத்தில் ஹாகன் ஸ்மித் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். பிற்பாடு கலிபோர்னியாவில் சட்டங்கள் வந்தன. கார் தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும், கோளாறு வந்தால் ஓட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பட்டது.

ஆகவே மஞ்சள் விளக்கின் முக்கியமான கவலை, எஞ்சின் விடும் மூச்சு சுத்தமாக இருக்கிறதா என்பதே. பிரேக்கைப் பற்றியோ டயரைப் பற்றியோ அது வாய் திறக்காது. விளக்கு எரியவில்லை என்பதற்காகக் கார் பூரண சௌக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது.

எண்ணைக் கேளுங்கள்

விளக்கு எரியும்போது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் உள்ள ஒரு சொருகுவாய் இருக்கும். அதில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் எண் தெரிந்துவிடும். சாதாரணக் கருவியை ஒரு பருத்திச் சேலையின் விலைக்குள் வாங்கிவிடலாம்.

எண் தெரிந்ததும் நோய் தெரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு. எண் ஒரு சாட்சியின் வாக்குமூலம், தீர்ப்பு அல்ல. மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

‘பி 0301’: முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். கடைசி எழுத்து 2 ஆனால் இரண்டாவது சிலிண்டர். வண்டி குலுங்கும். ஸ்பார்க் பிளக் கெட்டிருக்கலாம்; அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர் கெட்டிருக்கலாம்; வேறு காரணமும் இருக்கலாம். பழைய மியாட்டாக்களில் ஒயர் கெடுவது சர்வசாதாரணம். கண்டுபிடிக்கக் காசில்லாத வழி ஒன்று உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு முதல் சிலிண்டரின் பிளக்கை இரண்டாவதற்கும், இரண்டாவதன் பிளக்கை முதலாவதற்கும் மாற்றிப் போட்டு, பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கவேண்டியது. இப்போது எண் ‘0302’ என்று மாறினால் பிளக்தான் குற்றவாளி. எண் மாறாவிட்டால் பிளக் நிரபராதி. ஒயரைப் பார்க்க வேண்டும்.

‘பி 0171’: எஞ்சினுக்குக் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்ற புகார். இதைக் கண்டறிந்து சொல்வது, புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார். சில ஒர்க்‌ஷாப்புகளில் என்ன செய்கிறார்கள்? அந்தச் சென்ஸாரையே கழற்றிவிட்டுப் புதிது போடுகிறார்கள். திருட்டைக் கண்டு கூச்சல் போட்டவனைப் பிடித்து உள்ளே தள்ளுவது போன்ற காரியம் இது! உண்மைத் திருடன் வயதாகி வெடித்துப்போன ரப்பர் குழாயாக இருக்கலாம். அந்த வெடிப்பு வழியாக, கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழைந்துவிடுகிறது. இருபது முப்பது வருஷத்துக் காரில் முதலில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டியது ரப்பர் குழாய்களைத்தான்.

‘பி 0420’: நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் ‘காடலிடிக் கன்வர்ட்டர்’ சரியாக வேலை செய்யவில்லை என்ற புகார். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இதற்குள் இருக்கின்றன. பில்லைப் பார்த்தால் மயக்கமே வரும். அதனால் புதிது வாங்குமுன், புகைக் குழாயில் ஓட்டை ஏதும் உண்டா, பின்புறச் சென்ஸார் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இன்னும் சற்றுப் பிந்திய வருஷத்துக் கார்களில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்கூட விளக்கு எரியும். மூடியை இறுக்கிவிட்டுச் சில நாள் ஓட்டினால் தானே அணைந்துவிடும்.

நின்று எரிந்தால், சிமிட்டினால்

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், பதற்றம் வேண்டாம். வீடு போய்ச் சேர்ந்து, இரண்டொரு நாளில் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

அது சிமிட்டினால் கதையே வேறு. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பாகம் சூட்டில் உருகிவிடக்கூடும். வேகத்தைக் குறையுங்கள், பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். நூறு ரூபாய்க் கோளாறு லட்ச ரூபாய்க் கோளாறாக வளருவது இந்தச் சில மைல்களில்தான்.

எண்ணெய்க் குடுவை போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நமது மியாட்டாவில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள் இருக்கிறது. அது கீழே விழுந்தாலும், சூடு காட்டும் முள் மேலே ஏறினாலும் இதே விதிதான்.

விளக்கு சொல்லாத சங்கதிகள்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறதா? இந்த மியாட்டாக்களில் வால்வுக்கு மேலுள்ள உறுப்புகளில் எண்ணெய் ஏறச் சற்று நேரமாகும். பெரும்பாலும் அதனால் மோசமில்லை. எண்ணெயை மாற்றிப் பார்க்கலாம்.

எஞ்சினின் பின்புறமிருந்து எண்ணெய் சொட்டுகிறதா? பெரிய சீல் போய்விட்டது, எஞ்சினையே இறக்க வேண்டும் என்று யாராவது பயமுறுத்தலாம். அதற்கு முன், பின்புறத்தில் பொருத்தியிருக்கும் சென்ஸாரின் ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வளையல் போன்ற அந்தச் சின்ன வளையம் காய்ந்து போனாலும் எண்ணெய் அதே பக்கம்தான் ஒழுகும்.

இருக்கைக்குப் பின்னால் விரிப்பு ஈரமாக இருக்கிறதா? கூரையில் விழும் மழைநீர் இறங்க இரு பக்கமும் துவாரங்கள் உண்டு. இலைகளும் தூசியும் அவற்றை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழுள்ள தகடு துருப்பிடிக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கீழே ஒழுகினால் சரி. நம் மொட்டை மாடித் தூம்புவாய் சங்கதிதான்!

பாட்டரி இந்தக் காரில் டிக்கிக்குள் இருக்கிறது. அங்கே துருவும் கறையும் தெரிந்தால், ஆவி வெளியேறும் குழாயை மாட்டாமல் யாரோ பாட்டரி வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

வாங்குமுன் நாலு காரியம்

பழைய கார் விற்கும் ஆசாமி எல்லாருமே மோசக்காரர் அல்ல. ஆனால் விளக்கை மறைப்பது வெகு சுலபம். கலிபோர்னியாவில் விளக்கு எரியும் காருக்குப் புகைப் பரிசோதனையில் தேர்ச்சி கிடைக்காது. ஆகவே மறைக்க ஆசை வருவதில் ஆச்சரியமில்லை.

முதலாவது, பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஆறிய எஞ்சின் பொய் சொல்லாது.

இரண்டாவது, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, எண் கருவியைச் செருகுங்கள். எண் எதுவும் இல்லாவிட்டாலும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலே எண்கள் அழிந்துவிடும். அப்படி அழித்தால் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகளும் ‘முடியவில்லை’ என்று காட்டும். இவை முடியச் சில நாள் ஓட்டம் வேண்டும். அத்தனையும் ‘முடியவில்லை’ என்றால், சமீபத்தில் யாரோ சிலேட்டைத் துடைத்திருக்கிறார்கள்!

நாலாவது, கிளச்சை மெதுவாகப் பல தடவை அழுத்திப் பாருங்கள். கால் தொப்பென்று கீழே போனால், கியர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சிலிண்டர் ஒழுகுகிறது. மியாட்டாவில் அடிக்கடி வரும் கோளாறுதான் அது, பெரிய செலவில்லை. விலையைக் குறைக்க ஒரு பிடி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“நம் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது?” என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் 2013 ஏப்ரலிலிருந்து நம் நாட்டுக் கார்களிலும் முழு அளவில் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் அதே மஞ்சள் விளக்கும், பதினாறு துளைச் சொருகுவாயும் இருக்கின்றன.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், “அம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, ஐயாவை வரச் சொல்லுங்கள்” என்று யாராவது சொல்லக்கூடும். கோபித்துக்கொள்ள வேண்டாம். அமைதியாக இரண்டே கேள்வி கேளுங்கள்: “என்ன எண் வந்தது? அந்தச் சாமான்தான் கெட்டது என்பதை எப்படிச் சோதித்தீர்கள்?” இந்த இரண்டுக்கும் பதில் வாங்கிய பிறகு கைப்பையைத் திறந்தால் போதும்.