காடவர்கோன் கண்ட கனவு

கனவு காணாதார் உலகில் அரியர். விடிந்தெழுந்ததும் அதன் பலன் யாதென வினவாதார் அவரினும் அரியர். பாம்பு தோன்றின் ஒரு பலன், பல் விழின் மற்றொரு பலன் எனப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்றோம். நற்பலன் எனின் மகிழ்கின்றோம். தீப்பலன் எனின் நெஞ்சம் நடுங்குகின்றோம். ஆயின் அக்கனவு நம்மைக் குறித்து உணர்த்துவது யாதென எண்ணிப் பார்க்கின்றோம் அல்லேம்.

உயிர் உறும் அவத்தைகள் ஐந்து என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. நனவாகிய சாக்கிரத்தில் உயிர் 35 கருவிகளோடு புருவநடுவில் நிற்கும். கனவாகிய சொப்பனத்தில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஒழிய, 25 கருவிகளோடு கண்டத்தில் நிற்கும். கண்ணும் செவியும் ஒடுங்கினும் மனம் முதலிய உட்கருவிகள் ஒடுங்கவில்லை. ஆதலின் நனவிற் பற்றியவையே கனவில் வேறு வடிவு கொண்டு தோன்றுகின்றன. வயலில் அரவு தீண்டக் கண்டு அஞ்சிய உழவனுக்குக் கனவிற் பாம்பு அச்சத்தின் வடிவு. இறைவன் திருமேனியில் அரவணி கண்டு உருகிய அடியார்க்கு அதுவே அருளின் நினைவு. இருவர்க்கும் ஒரே பலன் உரைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, இறைவனே கனவில் எழுந்தருளி உணர்த்துதலும் உண்டு. சேக்கிழார் பெருமான் பூசலார் நாயனார் வரலாற்றில் இதனைக் காட்டுகின்றார். காடவர் மன்னன் காஞ்சியில் கற்றளி எடுத்துத் தாபனத்திற்கு நாளும் குறித்தான். முன்னாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்துள் நாளை நாம் புகுவோம்; நீ நின் விழாவைப் பின்னொரு நாள் கொள்வாயாக என்று அருளினார்.

மன்னன் கனவுநூல் வல்லாரை அழைத்துப் பலன் கேட்டிலன்; தன் பெருங்கோயிலினும் சிறந்ததோ அது என்று வெகுண்டிலன். திருநின்றவூர் சென்று வினவினான். அங்குக் கோயில் ஏதும் இல்லை. பொருள் கிட்டாமையால் பூசலார் நெஞ்சத்துள்ளேயே கல்லும் மரமும் தேடி, அடிநிலை முதல் சிகரம் ஈறாக எடுத்த ஆலயம் அது எனத் தெளிந்தான். வேந்தன் அவ்வேழை மறையவரின் அடிபணிந்து மீண்டான்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. கனவு கண்டவன் மன்னன். பூசலாரோ உறங்கிக் கனவு கண்டவர் அல்லர், விழித்திருந்தே நெஞ்சிற் கோயில் கண்டவர். மன்னன் கனவின் பொருள் அவனுக்கு வரும் செல்வமோ வெற்றியோ அன்று. தன் செயலே பெரிது என்னும் எண்ணம் நீங்கப் பெற்றதே ஆகும்.

திருப்பணிக்கு ஈந்த பொருளையும், கல்லிற் பொறித்த பெயரையும் எண்ணி நாமும் உறங்குகின்றோம். ஆதலின் கனவு கண்டு எழும்போது, இதனால் என்ன வரும் என்று கேளாது, இது என்னுள் எப்பற்றைக் காட்டிற்று, இன்று யாரிடம் சென்று பணிய வேண்டும் என்று கேட்போம். செருக்கைக் குறைத்து அன்பைப் பெருக்குமாயின் அது நற்கனவு. அச்சத்தையும் ஆசையையும் வளர்க்குமாயின் அதனைத் திருவைந்தெழுத்தோதி மறப்போம்.

உறங்குமுன் நெஞ்சில் ஒரு கல்லேனும் எடுத்து வைப்போமாக. பூசலார் உள்ளத்துப் புகுந்த பெருமான் நம் உள்ளத்தும் புகுந்தருள்வான். திருச்சிற்றம்பலம்.