மணலோடு மணலாய்க் கிடந்து

கடற்கரைப் பறவைகளைப் படம் பிடிப்போர் பெரும்பாலும் நின்ற நிலையிலேயே பிடிக்கின்றனர். அத்தகைய படத்திற் பறவை இருக்கும், கடல் இராது. முதுகும் உச்சந்தலையும் தெரியும், கண் தெரியாது. சாம்பல் நிற மணலிலே சாம்பல் நிறமான சிறு பொருளொன்று ஒட்டிக் கிடப்பது போலத் தோன்றும். குற்றம் கமராவினுடையதன்று, அதன் விலையினுடையதுமன்று. அதனை ஏந்தி நிற்பவரின் உயரமே குற்றம்.

கொசு உள்ளானை எடுத்துக்கொள்வோம். புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியின் ஓரங்களிலும் நீர் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஓடித் திரியும் பறவை அது. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 14 சதமமீற்றருக்கு மேற்படாது. நிறை 20 முதல் 30 கிராம். அதன் கண் தரையிலிருந்து அரைச் சாண் உயரத்தில் இருக்கின்றது. நம்முடைய கண்ணோ ஐந்தடி உயரத்தில். இருபதடி தொலைவில் நிற்கும் உள்ளானை அவ்வுயரத்திலிருந்து நோக்கினால், பார்வைக் கோடு சரிந்து இறங்கிப் பறவையைத் தொட்டு, அப்பால் ஓரடி சென்றதும் மணலில் முட்டி நின்றுவிடும். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை வடிவொத்த முக்கோணங்களுக்கு உதாரணமாகவே காட்டலாம். பறவைக்கு ஓரடி பின்னாலுள்ள மணலும் பறவையைப் போலவே துலக்கமாகப் பதிவதால், இரண்டும் ஒன்றாகி விடுகின்றன.

இனி, மணலிலே குப்புறப் படுத்துக் கமராவையும் தரையோடு தரையாக வைத்து நோக்குவோம். இப்போது பார்வைக் கோடு நிலத்துக்கு இணையாக ஓடுகின்றது. பறவையைக் கடந்து ஈரமணல், நுரை, அலை எனத் தொடுவானம் வரை செல்கின்றது. தொலைவில்லையோ ஒரு குறுகிய இடைவெளிக்குள் அடங்கியவற்றையே கூர்மையாகக் காட்டும் இயல்புடையது. ஆகவே முன்னுள்ள மணலும் பின்னுள்ள கடலும் இரு வண்ணப் பட்டைகளாகக் கரைந்துவிட, நடுவே உள்ளான் மட்டும் ஒவ்வோர் இறகும் எண்ணத்தக்கதாய் நிற்கின்றது. அதன் கண்ணிலே சூரியனின் சிறு பொட்டு ஒன்றும் விழுந்துவிட்டால், படத்துக்கு உயிர் வந்துவிட்டது எனலாம்.

வெயில் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். மேற்கு நோக்கிய கரையாயிற் காலைப் பொழுதும், கிழக்கு நோக்கியதாயின் மாலைப் பொழுதும் ஏற்றவை. உச்சிவேளையிற் படுத்துப் பயனில்லை. சுடுமணலிலிருந்து எழும் கானல் தரையை ஒட்டிய காட்சி முழுவதையும் நெளியச் செய்துவிடும். கமராவினுள் மணல் புகாதிருக்கத் தட்டையான தாச்சி ஒன்றில் அதை வைத்துத் தள்ளிக்கொண்டு போவாரும் உளர். சிரிப்புக்கு இடமான காட்சிதான். ஆயினும் அதனினும் சிறந்த உபாயத்தை யான் கண்டதில்லை. பின்திரை மேல்நோக்கி மடங்கும் கமராக்கள் வந்தபின் கழுத்து நோவும் குறைந்துவிட்டது.

இவற்றினும் முக்கியமானது பறவையைத் துரத்தாதிருத்தல். உள்ளான்கள் நீர் விளிம்பை ஒட்டி மேய்ந்தவாறே ஒரு திசையிற் செல்லும். அத்திசையை அறிந்து, மிகவும் முன்னதாகவே சென்று, ஆடாமற் படுத்திருக்க வேண்டும். இரண்டு கால்களில் நிமிர்ந்து வரும் உருவத்துக்கே பறவை அஞ்சுகின்றது. அசையாது கிடப்பதை அது கரையொதுங்கிய மரக்கட்டையாகக் கருதுகின்றதோ என்னவோ, சில வேளைகளில் வில்லை குவிக்க முடியாத அளவுக்கு நெருங்கியும் வந்துவிடும். இங்கிலாந்தின் ரிச்சட், செரி கேர்ற்றன் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டில் உள்ளீடற்ற எருது ஒன்றைச் செய்து, அதனுள் ஒளிந்திருந்து பறவைகளைப் படம் பிடித்தனர். நம் கடற்கரைக்கு எருது வேண்டியதில்லை. கிடக்கத் தெரிந்தாற் போதும்.

துரத்தலாகாது என்பது படத்தின் அழகுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகோடித் தண்டராவிற் குஞ்சு பொரிப்பவை. அங்கிருந்து மன்னாருக்கு நேர்கோட்டில் அளந்தாலும் ஏறக்குறைய 7,000 கிலோமீற்றர். பெரும்பாலும் முதிர்ந்த பறவைகள் முன்னே புறப்பட்டுவிட, அவ்வாண்டிற் பிறந்த குஞ்சுகள் வழிகாட்டுவாரின்றிப் பின்னே வருகின்றன. மீண்டும் வடக்கே செல்வதற்கு வேண்டிய கொழுப்பை இச்சேற்றிலும் மணலிலுமுள்ள சிறு புழுக்களையும் கூனிகளையும் தின்றே சேர்க்க வேண்டும். பறக்கும் கூட்டத்தைப் படமாக்கும் ஆசையால் சிறுவரை ஓடவிட்டுக் கலைப்போரும், ஆளில்லாச் சிறுவிமானத்தை மேலே ஏவுவோரும், அச்சேமிப்பிலிருந்து களவாடுகின்றனர். அழகான படமாயினும் அது களவுப் படமே.

ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியிலே வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து என்று பறவைகளின் பெயரால் அமைந்த பத்துக்கள் உண்டு. கரைப்பறவையை அதன் மேய்ச்சல் நிலத்திலேயே வைத்து நோக்கும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. ஆயினும் 2010ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சேர்க்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தைப் பற்றி நம் மாணவர் எத்துணைப் பேர் அறிவர்?

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 திசெம்பரிலே தம்பபவனி காற்றாலைத் தொகுதி திறந்துவைக்கப்பட்டது, முப்பது கோபுரங்கள். தரையோடு கிடந்து நோக்கும் கமராவுக்குத் தொடுவானமே பின்னணி ஆதலால், அப்பக்கம் திரும்பினால் அவையும் படத்துள் வந்துவிடும். சற்று விலகிப் படுத்து அவற்றைத் தவிர்த்துவிடுவது படப்பிடிப்பாளர் வழக்கம். சில படங்களிலேனும் அவை இருக்கட்டும் என்பது என் கருத்து. பிற்காலத்தில் ஒருவர் இக்கரையை அறிய விரும்பின், உள்ளானும் கோபுரமும் ஒரே சட்டத்துள் நிற்கும் படமே அவருக்கு உதவும்.

சித்திரை பிறக்கும் வேளையில் வளைமூக்கு உள்ளான்களின் நரைத்த மார்பு செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். அந்நிறம் முற்றும்வரை இங்கே தங்குபவை சிலவே. அவற்றைப் படம் பிடிக்கக் கிடைப்பன சில நாட்கள். அந்நாட்களிலேதான் அவை இடைவிடாது மேய்கின்றன.